சம்பந்தி துரத்திய எக்சோஸ்

ஜெலாப்பாங், ஈப்போ
ஞாயிறு, பூசை முடிந்து

மதிப்பிற்குரிய சம்பந்தி, சுங்காய்த் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணியார் திரு. சவரிநாதன் அவர்களுக்கு, தங்கள் மகன் கிளமென்டுக்குத் தன் மகள் மிஷெலைத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கும் சில்வெஸ்டர் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், ரோசரி, மிஷெல் மூவரும் ஆண்டவர் கிருபையால் நலம். நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். உண்மையில் மிஷெல் என்னோடு பேசுவதில்லை. ரோசரி பேசுவதை நிறுத்துவதில்லை.

போன வாரச் சனிக்கிழமை உங்கள் வீட்டுப் புது முன்கூடத்தை மந்திரிக்க ஃபாதர் வந்து, எல்லாரும் தலை குனிந்து நின்ற நேரத்தில், வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் பேய்ச் சத்தம் போட்டுக்கொண்டு போனதும், நீங்கள் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு அதைத் துரத்தியதும் தங்களுக்கு நினைவிருக்கும். அதை ஓட்டியவன் நான்தான் என்பது உங்கள் வீட்டார் அனைவருக்கும் அன்றே தெரியும் என்று ரோசரி நேற்றுத்தான் சொன்னாள். கல்யாணத் தேதி பேசாமலே எங்களை வழியனுப்பி வைத்ததற்கும் அதுதான் காரணமாம். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் என் இலையில் இரண்டாம் தடவை ஆட்டுக்கறி வைத்தீர்களே, அந்தப் பெருந்தன்மையை நினைத்து வெட்கப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தாங்கள் அறிந்ததே. வேலையில் இருந்தவரை நான் இருமினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் நான் பேசுவதே யாருக்கும் கேட்பதில்லை. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் ரோசரி, "என்னா சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுச் சத்தத்தைக் கூட்டுவாள். இப்படி இருக்கையில் ஒரு நாள் சிக்னல் விளக்கில் நிற்கிறேன், பக்கத்தில் ஒரு மலாய்ப் பையன் என் பழைய மோட்டாரைக் குனிந்து பார்த்து ரொம்பப் பாவமாக, "பாக்சிக், மோட்டோ மாத்தி கா?" என்றான். அதாவது அங்கிள், மோட்டார் செத்துப் போச்சா என்று கேட்கிறான். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தது சம்பந்தி! பச்சை விழுந்தது, அவன் போய்விட்டான், நான் அங்கேயே நின்றேன். மோட்டாரைப் பற்றித்தான் கேட்டான், எனக்கு என்னவோ என்னைப் பற்றிக் கேட்ட மாதிரியே இருந்தது.

நேரா ராஜு கடைக்குப் போயிட்டேன். எங்க பக்கத்துல மோட்டார் பட்டறை வச்சிருக்கிறவர், பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி. "அங்கிள், சத்தம் வேணுமா, இழுவை வேணுமா?"ன்னு கேட்டார். ரெண்டும்னேன். உள்ளே போய்ப் புகை போற குழாய், ஒரு எக்சோஸைத் தூக்கிட்டு வந்தார் பாருங்க, கோயில்ல கொடிமரத்துக்குப் பித்தளை போட்ட மாதிரி மின்னுது. "இதைப் போட்டா காத்து சுருக்கா வெளிய போயிரும், எஞ்சின் நல்லா மூச்சு விடும். ஆனா கார்பரேட்டர்ல பெட்ரோல் விடுற ஜெட்டையும் மாத்தணும் அங்கிள். இல்லாட்டி எஞ்சினுக்குப் பெட்ரோல் பத்தாது, சத்தம் இருக்கும், ஓட்டம் இருக்காது லா"ன்னார். ஜெட்டைக் காட்டச் சொன்னேன். சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. உள்ளே போட்டு மூடிடுவாங்களாம், வெளிய தெரியாதாம். வெளிய தெரியாத சாமான் எனக்கு எதுக்குன்னுட்டேன். அவர் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நான் என்னமோ ஃபேக்டரியில எல்லா மெஷினையும் நானே செஞ்ச மாதிரி, "ராஜு, எனக்குத் தெரியும்"னு சொன்னேன். ஸ்டோர்ல நான் எண்ணினது அட்டைப்பெட்டி.

மாட்டினதும் சத்தம் வந்தது சம்பந்தி, மறுக்கல. மார்க்கெட்டுல எல்லாரும் வழி விட்டாங்க. பெரிய மோட்டார் வருதுன்னு திரும்பிப் பார்ப்பாங்க, கொஞ்ச நேரம் ஒண்ணும் வராது, அப்புறம் கீரைக்கட்டைத் தொங்கவிட்டுக்கிட்டு நான் வருவேன். ஓட்டமோ, முன்னே இருந்ததும் போச்சு. மேட்டுல ஒரு நாள் நான் முறுக்குற முறுக்குல தெருவே அதிருது, சைக்கிள்ல போன ஒரு சீனக் கிழவர் என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துத் தலையாட்டிட்டுப் போனார். அப்பவாவது புத்தி வந்திருக்கணும். வரல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுலயும் இது விழணும்னு ஆசை வந்தது.

அதனாலதான் சனிக்கிழமை கார்ல இடம் இல்லைன்னு பொய் சொன்னேன். இடம் இருந்தது, ரோசரி பழக்கூடையை மடியில வச்சுக்கிறேன்னுகூடச் சொன்னா. அவங்க கார்ல முன்னாடி போக, நான் மோட்டார்லயே கிளம்பினேன். வழியில கம்பார்ல தூறல், மழைக்கோட்டு போட்டுக்கிட்டேன். தாப்பா தாண்டினதும் எஞ்சின் சூடேறி, கைமுறுக்கை விடும்போதெல்லாம் எக்சோஸ் பின்னால பட்டாசு மாதிரி வெடிக்குது. உங்க தெருவுக்குள்ள திரும்புறேன், வாசல்ல எல்லாரும் தலை குனிஞ்சு நிக்கிறாங்க, ஃபாதர் தீர்த்தத்தோட கையைத் தூக்கியிருக்கார். சத்தத்தைக் குறைப்போம்னு பதறிப்போய்க் கைமுறுக்கைச் சட்டுனு விட்டேன். டமார்! ஃபாதர் கையில இருந்த தீர்த்தப் பாத்திரம் சம்பந்தியம்மா நவமணி தலையில கவிழ்ந்தது. உங்க வீட்டு நாய் பந்தலுக்குள்ள ஓடி, பந்தக்கால் ஒண்ணைச் சாய்ச்சது.

அங்கேயே இறங்கி மன்னிப்புக் கேட்டிருந்தா நான் மனுஷன். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, யாரோ வழிப்போக்கன் மாதிரி நேரா போயிட்டேன். நீங்க வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு விளக்குமாறோட பின்னாடியே வரீங்க. வேற யார் மோட்டாரா இருந்தாலும் தப்பிச்சிருக்கும். என்னுது எவ்வளவு முறுக்கினாலும் ஓட மாட்டேங்குது! கண்ணாடியில பார்க்கிறேன், நீங்க நெருங்கிக்கிட்டே இருக்கீங்க. இந்த வயசுல இப்படி ஓடுறாரே, நல்ல ஆரோக்கியமான குடும்பத்துலதான் பொண்ணைக் கொடுக்கிறோம்னு அந்த நேரத்துலயும் ஒரு சந்தோஷம். "ரெம்பிட் நாயே, நில்லுடா! உங்கப்பன் பேர் என்னடா?"ன்னு கத்தினீங்க. ரோட்டுல மோட்டார்ப் பந்தயம் விடுற பொடியன்களுக்கு வைக்கிற பேரை இந்த வயசுல எனக்கு வச்சீங்க. பெரியவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லாம போனது மரியாதைக் குறைவு. அப்பா பேர் அருளப்பன்.

செம்பனைத் தோட்டத்துக்குள்ள செம்மண் ரோட்டுல புகுந்து ஒரு லாரி மறைவுல நின்னேன். மழைக்கோட்டைக் கழட்டிச் சுருட்டி, மோட்டாரைச் சீனன் காப்பிக்கடை பின்னால விட்டுட்டு, வேர்த்து விறுவிறுத்து நடந்தே உங்க வீட்டுக்கு வந்தேன். டயர் பஞ்சர்னு சொன்னேன். "பாவம் சம்பந்தி, வெயில்ல நடந்து வந்திருக்காரு, மோர் கொண்டாங்க"ன்னீங்க. ஈரத்தலையைத் துவட்டிக்கிட்டே சம்பந்தியம்மாதான் கொண்டுவந்து கொடுத்தாங்க. "காலம் கெட்டுப் போச்சு, பெத்தவங்க ஒழுங்கா வளர்க்கல"ன்னு நீங்க சொல்ல, நானும் சேர்ந்து அந்த ரெம்பிட்டைத் திட்டினேன். உங்களைவிட ஒரு வார்த்தை கூடத்தான் திட்டினேன். இத்தனையும் தெரிஞ்சே நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னு நேத்து ரோசரி சொன்னதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல.

சம்பந்தி, குற்றம் என்னுடையது. மிஷெல் அமைதியான பிள்ளை, அவள் அம்மாவைக் கொண்டு பிறந்தவள் என்று எழுதப் போனேன், அது அமைதிக்குச் சரிவராது, ஆனாலும் நல்ல பிள்ளை. அப்பன் செய்த கோமாளித்தனத்துக்காக அவள் கல்யாணம் தள்ளிப்போகக் கூடாது. நேற்றே ராஜு கடைக்குப் போய்ப் பழைய எக்சோஸை மாட்டிவிட்டேன். இனி நான் வருவது யாருக்கும் கேட்காது. தாங்கள் பெரிய மனது செய்து தேதியைக் குறிக்க வேண்டுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும், மாப்பிள்ளை கிளமென்டுக்கு என் ஆசீரும், தங்கள் வீட்டு நாய்க்கு என் வருத்தமும் தெரிவிக்கவும். அன்னை மரியாள் உங்கள் குடும்பத்தையும் முன்கூடத்தையும் காக்க மன்றாடும்,

அருளப்பன் சில்வெஸ்டர்

பி.கு.: மேலே எழுதியதை மேசையில் வைத்துவிட்டு ஸ்டாம்ப் தேடப் போனேன். அதற்குள் மிஷெல் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள். காப்பி ஆறுவதற்குள் நீங்களே போன் செய்தீர்கள். "சம்பந்தி... அது நீங்களா?" என்றீர்கள். நான் ரோசரியைப் பார்த்தேன். அவள் அடுப்பில் வைக்காத சோற்றைப் பார்க்க அடுப்படிக்குப் போய்விட்டாள். யாருக்குமே தெரியாதாம், அவள் மட்டும்தான் என் முதுகை வைத்துக் கண்டுபிடித்தாளாம், எக்சோஸைக் கழட்ட வைக்கத்தான் அப்படிச் சொன்னாளாம். தேதி பேசாததற்கும் நான் காரணம் இல்லை, கோயில் மண்டபம் எப்போது காலி என்று ஃபாதருக்கு அன்று தெரியவில்லை, அவ்வளவுதானாம்.

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று மிஷெலைக் கேட்டேன். நான் காரில் வராமல் மோட்டாரில் கிளம்பிய கோபத்தில் ஒரு வாரமாகப் பேசாதவள் இப்போதுதான் பேசினாள். "முடியாதுப்பா, நீலக்கோடு விழுந்துருச்சு" என்றாள். இந்தப் பக்கத்தையும் அவளே அனுப்புகிறாள்.

நீங்கள் போனில் சொன்னது எல்லாம் சம்மதம். அன்றைக்கே நீங்கள் உங்கள் தெரு நாலாவது வீட்டுப் பையன் விக்னேஸ்வரனை ரெம்பிட் என்று தெருவே கேட்கத் திட்டிவிட்டு வந்ததும், அவன் தன் மோட்டாரைப் போன மாசமே விற்றுவிட்டதாக அழாத குறையாகச் சொன்னதும் கேட்டு மிகவும் வருந்தினேன். வரும் சனிக்கிழமை நாம் இருவரும் சேர்ந்து போய் அவனிடம் மன்னிப்புக் கேட்போம். அப்படியே தேதியும் பேசிவிடலாம். தாங்கள் கேட்டுக்கொண்டபடி பஸ்ஸில்தான் வருகிறேன்.