கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மாப்பிள்ளை

துருவக் கவலைக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். டீக்கடை பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, தலைப்புச் செய்தியையும் சினிமாப் பக்கத்தையும் மற்றவர்களுக்குத் தானம் செய்துவிட்டு, பல்பொடி விளம்பரத்துக்கும் மாட்டுச்சந்தை அறிவிப்புக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட நாலு வரி உலகச் செய்தியைக் கிழித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்று முழுக்க எதிர்ப்பட்டவரையெல்லாம் அதைக் காட்டி மிரட்டுகிறவர் யாரோ, அவரே. வீட்டுக் கூரை ஒழுகும். அது தெரியாது. தென் துருவம் ஒழுகுவது தெரியும்.

ஓசூரில் இந்த இனத்தின் முதல்தர மாதிரி, சைக்கிள் கடை இன்னாசிமுத்து. ராமநாயக்கன் ஏரியை விடப் பெரிய தண்ணீரை அவர் பார்த்ததில்லை. அதனால் என்ன? அறுபத்தெட்டாம் வருடம் அவருக்கு நாலு வரி கிடைத்தது. துருவத்துப் பனியைத் துளை போட்டு ஆராய்கிறார்களாம். கடல் சூடேறினால் பனி அடியிலிருந்து கரையுமாம். பிறகு கடல் மட்டம் உயருமாம். அன்றிலிருந்து அவர் மனிதர்களை ஊர் உயரத்தால் அளந்தார். ஓசூர் ஏறத்தாழ மூவாயிரம் அடி. தாமே தூக்கி நிறுத்தியதைப் போலச் சொல்வார்.

இதில் மாட்டிக்கொண்டவள் மகள் ஆரோக்கியசெல்வி. பள்ளிக்கூட டீச்சர், வயது இருபத்தாறு. வரன் கொண்டுவருபவர் மாதா கோயில் உபதேசியார் அருள்ஜோசப்.

"மாப்பிள்ளைக்கு நாகப்பட்டினம். நல்ல குடும்பம்."

"எத்தனை அடி?"

"அஞ்சே முக்கால் இருப்பாரு."

"ஊரைக் கேட்டேன், உபதேசியாரே."

நாகப்பட்டினம் போயிற்று. கடலூர் போயிற்று. மெட்ராஸ் முழுசாகப் போயிற்று.

"கடல் வர்றதுக்குள்ள எம்பொண்ணு கிழவி ஆயிடுவா" என்றாள் மனைவி பவுலினா. "ஊத்தங்கரை வரனுக்கு என்ன கொறை? அங்க எந்தக் கடல் இருக்குது?"

"அங்க வெயிலு."

அடுத்து வந்தது தூத்துக்குடி. பையன் யேசுராஜ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கடலோரம்கூட இல்லை, கடலுக்குள்ளேயே வேலை. ஆனால் இந்த முறை செல்வி போட்டோவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பவுலினா யாரையும் கேட்காமல் பெண் பார்க்க வரச்சொல்லிவிட்டாள்.

"வரட்டும். நேருக்கு நேரா வெளக்கிடறேன்" என்றார் இன்னாசிமுத்து. விளக்குவதற்காகவே பெங்களூரிலிருந்து பஸ்ஸில், மரத்தூளும் சாக்கும் சுற்றி, ஓர் ஐஸ் பாளம் வந்தது. சர்பத்துக்கு என்று பவுலினா சந்தோஷப்பட்டாள்.

வந்தவர்கள் உட்கார்ந்ததும் இன்னாசிமுத்து டம்ளரில் ஐஸ் துண்டு ஒன்றை மிதக்க விட்டு, விளிம்புவரை தண்ணீர் நிறைத்தார். "இது கரையும். தண்ணி வழியும். அதான் தூத்துக்குடி." எல்லோரும் டம்ளரையே பார்த்தார்கள். பஜ்ஜி ஆறியது. ஐஸ் கரைந்தது. ஒரு சொட்டுகூட வழியவில்லை.

யேசுராஜ் மெல்லச் செருமினான். "மாமா, மிதக்குத ஐஸ் கரைஞ்சா மட்டம் ஏறாது. தரையில கெடக்குத ஐஸ் கடலுக்குள்ள சரியணும். அப்பந்தான் ஏறும்." சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தான். அதே நாலு வரி.

பிறகு நடந்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. தாம்பாளம் நிறையத் தண்ணீர் வந்தது. நடுவில் கவிழ்த்த கிண்ணம், கிண்ணத்தின்மேல் ஐஸ் குவியல், அது சரியாமல் ஓரத்தில் முட்டுக்கொடுக்க ஒரு பெரிய துண்டு. யேசுராஜ் வெந்நீரை அந்த முட்டுத் துண்டின் அடியில் சொட்டுச் சொட்டாக விட்டான். முட்டு கரைந்தது. குவியல் மொத்தமும் தண்ணீருக்குள் சரிந்தது. தாம்பாளம் பொங்கி மாப்பிள்ளையின் தாயாருடைய பட்டுப்புடவையை நனைத்தது.

"பாத்தீங்களா" என்றார்கள் மாமாவும் மருமகனும் ஒரே மூச்சில்.

"வீட்டுலயும் இப்படித்தான். வாளியும் சொம்புமா உயிரை எடுக்கான்" என்றார் தாயார், முந்தானையைப் பிழிந்தபடி.

சமையலறையில் பவுலினா மகளின் கையைப் பிடித்தாள். "வேணாம்டி. ஒருத்தரோட நான் படறதே போதும்."

செல்வி கையை விடுவித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "தூத்துக்குடிக்குத் தண்ணி வர்றது நிச்சயங்களா?"

"நிச்சயம்" என்றார்கள் இருவரும்.

"அப்படின்னா இவரு இங்க வந்துடட்டும். புது ரயில் பாதை வேலைக்குக் கிரேன் ஓட்ட ஆள் தேடறாங்க. நான் வேலையை விடறதா இல்ல."

யேசுராஜ் தாயாரைப் பார்த்தான். தாம்பாளத்தைப் பார்த்தான். தானே நிரூபித்ததை எப்படி மறுப்பது? போட்டோவைத் திருப்பிக் கொடுக்காத பெண்ணைத்தான் எப்படி மறுப்பது?

"மூவாயிரம் அடி, மாப்பிள்ளை" என்றார் இன்னாசிமுத்து, குழைந்த குரலில்.

கல்யாணம் நடந்தது. இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் மாமனாரும் மருமகனும் நேரே புது ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்று அங்கே பலகையில் எழுதியிருக்கிறது. அது குறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். வீட்டில் கூரை ஒழுகுகிற இடத்தில் செல்வி அந்தத் தாம்பாளத்தை வைத்திருக்கிறாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது நடுவில் ஒரு நொடி, உங்கள் ஊர் எத்தனை அடி என்று யோசித்தீர்களே, அதை நான் கவனித்தேன். டீக்கடை பெஞ்சில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. கிளம்பும் முன் ஒரு தடவை அண்ணாந்து உங்கள் கூரையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.