விட்டுவிடும் வித்தை

இனி எதற்கும் பயப்படுவதில்லை என்று லிஃப்ட் பரிசோதகர் ஒரு திங்கட்கிழமை காலை தீர்மானித்தார். தீர்மானித்த கையோடு, இப்படித் திடீரென்று பயத்தை நிறுத்தினால் உடம்புக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம் வந்துவிட்டது.

ஊரில் உள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. போட்டுவிட்டுப் படியில் இறங்கி வருவார். வீட்டில் கேஸை மூடுவார், மூடியதைப் போய்ப் பார்ப்பார், பார்த்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடி போவார். பேச்சு எப்போதும் "எதுக்கும்" என்றுதான் ஆரம்பிக்கும். எதுக்கும் ஒரு குடை எடுத்துக்கோ. எதுக்கும் ஒரு போன் பண்ணிடு. குடியிருப்பில் அவருக்குப் பெயரே 'எதுக்கும்' என்று ஆகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் அவரை எதுக்கும் அஞ்சாதவர் என்று நினைத்து ஏமாந்தார்கள்.

ரத்த அழுத்தம் எகிறியது. மனசு அமைதியாக ஏதாவது பழகுங்கள் என்றார் டாக்டர். அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர் வழி சொன்னார். இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி ஒரு பொய் ஈ செய்ய வேண்டும். ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நின்று அதை வீச வேண்டும். மீன் நிஜ ஈ என்று நம்பிக் கவ்வும். கவ்விய மீனை முள் கழற்றி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். பிடிப்பது பெரிதில்லை, விடுவதுதான் ஞானம் என்றார் அவர்.

மனைவி கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவள். எத்தனை பொடி எழுத்தானாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பரிசோதகர் ரொம்பத் தயங்கித்தான் விஷயத்தை அவளிடம் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை ஈ ஓட்டப் போறீங்களா?"

"ஓட்ட இல்ல. வீச."

"தாராளமா போயிட்டு வாங்க."

அந்தத் தாராளம்தான் அவரை உறுத்தியது. பதினோரு வருஷத்தில் அவர் கேட்டு அவள் ஒரே பேச்சில் சம்மதித்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிறுதோறும் காரை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் நின்றார். உடம்பு ஆற்றில் நிற்கும், மனசு அடுப்படியில் நிற்கும். கேஸை மூடினோமா? காலடிக் கல் வழுக்குமா? முள் காதில் மாட்டினால் எந்த ஆஸ்பத்திரி பக்கம்? அவள் ஏன் உடனே சரி என்றாள்? ஈ மரத்தில் சிக்கியது, தொப்பியில் சிக்கியது, ஒரு முறை கால்சட்டையின் பின்பக்கம் சிக்கியது. மீன் மட்டும் சிக்கவில்லை.

பதினாலாவது ஞாயிறு அது நடந்தது. வீசிய நூல் காற்றில் நீளமாக விரிந்து இறங்கியது. ஈ தண்ணீரில் உட்கார்ந்த சத்தம்கூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்குக் கேஸ் மறந்தது, கல் மறந்தது, தான் நிற்பதே மறந்தது. விருட்டென்று நூல் இழுத்தது. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளி மீன். கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்தார். அதன் நெஞ்சு அவர் நெஞ்சைப் போலவே படபடவென்று அடித்தது. முள்ளை எடுத்து, விரலைத் தளர்த்தினார். மீன் போனது. அவருக்கு ஏனோ கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்து அதோடு சும்மா இருந்திருக்கலாம். பிரசங்கம் செய்தார். இறுக்கிப் பிடிப்பதால்தான் பயம் வருகிறது, விட்டுவிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். துவைத்த துணியை மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"எல்லாத்தையும் விட்டுடணுமா?"

"எல்லாத்தையும்."

"ரொம்ப நாளா கையில வச்சிருக்கறதைக் கூட?"

"அதைத்தான் முதல்ல விடணும்."

அவள் துணியை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "கார் சாவி."

மீன் மாட்டுவது வாயால்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஊரின் அந்தக் கோடியில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடுவதாகக் கடை முதலாளி சொல்லி நாலு மாதம் ஆகிறது. ரெண்டு பஸ் மாறிப் போனால் கடை திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பரிசோதகரைக் கூட்டிப்போக அலுவலக வேன் வந்துவிடும், கார் வாரத்தில் ஆறு நாள் சும்மா நிற்கும். ஆனாலும், ரோட்டில் எவன் எப்படி வருவான் என்று தெரியாது என்று சொல்லிச் சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். அதை இப்போது எடுத்துக் கொடுத்தார்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். கண்ணை மூடினார். குறுகலான சந்தில் லாரி எதிரே வந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்துக் காரைப் பின்னால் எடுத்து, சுவரில் உரசாமல் ஒதுக்கி, லாரிக்கு வழிவிட்டாள். லாரி டிரைவர் அவளுக்குக் கைகாட்டிவிட்டுப் போனார். பரிசோதகர் கண்ணைத் திறந்தார்.

"எங்க கத்துக்கிட்டே?"

"டிரைவிங் ஸ்கூல்ல. போன வாரம் லைசென்ஸே வந்துடுச்சு."

"எப்போ போனே?"

"நீங்க ஆத்துக்குப் போன ஞாயித்துக்கிழமை எல்லாம்."

அவர் கை மறுபடி பெல்ட்டுக்குப் போனது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "மீன்கிட்ட சொல்லிட்டா தூண்டில் போடுவாங்க?"