தடையறா மின்வழங்கித் திறப்பு விழா

1998ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 21ஆம் திகதி, சனிக்கிழமை. மெல்பேணில் வெப்பம் முப்பத்தொன்பது பாகை, வடகாற்று வீசியது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, நோபல் பார்க்கிலுள்ள தமிழ்ப் பாடசாலை மண்டபத்தில், தடையறா மின்வழங்கி ஒன்று மங்கள விளக்கேற்றித் திறந்துவைக்கப்பட்டது.

அஃது ஒரு கறுப்புப் பெட்டி. மின்சாரம் நின்றால் அதனுள் இருக்கும் பற்றரி கணினியைப் பத்து நிமிடம் தாங்கும். அதற்குள் கணினியை முறைப்படி நிறுத்திவிட்டால் கோப்புகள் பிழைக்கும். இல்லையேல் அவற்றின் ஒழுங்கே குலைந்துபோகும். மேடையில் வைத்திருந்த பாடசாலைக் கணினியினுள் நூற்று நாற்பத்து மூன்று மாணவரின் பரீட்சைப் புள்ளிகள் இருந்தன. ஆசிரியை யோகா இரண்டு வாரம் இருந்து அவற்றைத் தட்டச்சிட்டிருந்தார். விடைத்தாள்களோ, நவீன யுகத்துக்கு ஒவ்வாதவை என்று நிருவாக சபையால் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டு, மீள்சுழற்சித் தொட்டியை அடைந்துவிட்டன.

"பிளொப்பியிலை ஒரு பிரதி எடுத்து வைக்கட்டோ, அங்கிள்?" என்று யோகா முதல் நாளே கேட்டார்.

"பெட்டி வாங்கினாப் பிறகு பிளொப்பியோ? எங்களுக்கே பெட்டியிலை நம்பிக்கை இல்லையெண்டு சனம் நினைக்கும்," என்றார் தலைவர் மகாதேவன்.

தலைவர் உரையாற்ற எழுந்த ஏழாவது நிமிடத்தில் மின்சாரம் நின்றது. மின்விசிறிகள் ஓய்ந்தன, ஒலிவாங்கி ஓய்ந்தது, கணினி மட்டும் ஒளிர்ந்தது. பெட்டி கீச்சிட்டது. சபையோர் கைதட்டினர்.

யோகா எழுந்து ஓடினார். "அங்கிள், நிப்பாட்டுறன். பத்து நிமிசந்தான் இருக்கு!"

"இருங்கோ பிள்ளை. இப்ப நிப்பாட்டினால் பெட்டி வேலை செய்யுதெண்டு ஆர் நம்பப்போகினம்?"

"அது வேலை செய்யிறதே நிப்பாட்ட நேரம் தரத்தான், அங்கிள்!"

"அதை விளக்கத்தானே நான் பேசுறன். சச்சி, மைக் வயரைப் பெட்டியிலை கொழுவும்."

செயலாளர் சச்சிதானந்தன் கொழுவினார். ஒலிபெருக்கி உயிர்பெற்றது. தலைவர் விட்ட இடத்திலிருந்து தொடராமல், முறைமை கருதி, சபைக்கு வணக்கம் கூறி முதலிலிருந்தே தொடங்கினார்.

"அங்கிள், நாலு நிமிசம் போட்டுது!"

"வந்த விருந்தினரின்ரை பேரைச் சொல்லாமல் விடேலுமே?"

ஒலிபெருக்கியோ கணினியை விடப் பசி மிக்கது. பெட்டி விரைந்து கீச்சிட்டது.

"பாருங்கோ, பெட்டியும் ஆமோதிக்குது!" என்றார் தலைவர். சபையோர் மகிழ்ந்தனர்.

யோகா பொறுக்கமாட்டாமல் நிறுத்தற் கட்டளையை ஒளித்துக் கொடுத்தார். கணினி கோப்புகளை ஒழுங்காக எழுதத் தொடங்கியது. எழுதி முடிக்கவில்லை.

"இனி எங்கள் கோப்புகளுக்கு அழிவென்பதே..." என்றார் தலைவர். ஒலிபெருக்கியும் கணினியும் ஒருங்கே அணைந்தன.

மாலை ஆறு மணிக்கு மின்சாரம் வந்தது, புள்ளிகள் வரவில்லை. நிருவாக சபை அவசரமாகக் கூடி, எவர்க்கும் அநீதி நேராவண்ணம், நூற்று நாற்பத்து மூவரும் முதலிடம் பெற்றனர் என அறிவித்தது. எவரும் முறையிடவில்லை. பெற்றோர் பலர் செய்தியைக் கனடாவுக்கும் இலண்டனுக்கும் தொலைபேசியில் அறிவித்தனர்.

மறு ஆண்டு மின்சாரம் நிற்கவில்லை. புள்ளிகள் உள்ளபடி வெளியாயின. கல்வித்தரம் வீழ்ந்துவிட்டதென எண்பத்தொரு பெற்றோர் எழுத்து மூலம் முறையிட்டனர். மூன்றாவது கையொப்பம் யோகாவின் கணவருடையது. சபை முறைப்பாட்டை ஏற்று, ஆண்டுதோறும் புள்ளிகள் வெளியாகுமுன் பெட்டியின் சுவர்ச் செருகியைக் கழற்றும் பொறுப்பைப் பெற்றோர் சங்கத்திடம் ஒப்படைத்தது.