ஓடறதை எதுக்கு மாத்தணும்?

டேப்லெட்டை ஃப்ரிட்ஜின் மேல் வைத்து, பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே நீட்டிவிட்டு, 'விளக்கம்' என்று எல்லாரும் கூப்பிடும் மனிதர் பின்னால் நகர்ந்து பார்த்தார். அந்த ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் ஒரு உலுக்கு உலுக்கும். அந்த உலுக்கலில் அது தானாக விழவேண்டும். தான் தள்ளிவிட்டதாக இருக்கக் கூடாது. அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர்.

"அங்க என்னங்க உருட்டறீங்க?" தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே மனைவியின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. கடைக்குக் கிளம்பிட்டேன்."

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. மின்சாதனக் கடையில் டேப்லெட் பிரிவு அவருடையது. இதை எப்படி ஆன் பண்ணுவது என்று ஒருவர் கேட்டால், மின்சாரம் எங்கே உற்பத்தியாகிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் கடையில் அவருக்கு விளக்கம் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் கடை வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, அவர் குடியிருக்கும் கட்டடத்திலும் படியேறி வந்துவிட்டது.

ஒரு காலத்தில் அவருடைய மேஜையைச் சுற்றிக் கூட்டம் நின்றது. இப்போது அங்கே வருகிறவர்கள், கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் வருகிறார்கள். அதற்கும் அவர் விளக்கமாகத்தான் பதில் சொல்கிறார்.

முந்தின நாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"மாசக் கடைசிக்குள்ள உன் மேஜையில சரக்கு நகரலைன்னா, அங்க இஸ்திரிப் பெட்டி அடுக்கிடுவேன். நீ கீழ குடோனுக்குப் போயிடு. அங்க இருக்கற அட்டைப்பெட்டிங்களுக்கு எவ்வளவு வேணா விளக்கம் சொல்லு. அதுங்களால எழுந்து ஓட முடியாது."

"சார், ஜனங்க இப்பல்லாம்..."

"ஜனங்களை விடு. உன் வீட்டுல என்ன மாடல் இருக்கு?"

விளக்கம் பேசாமல் நின்றார். அப்படி ஒன்று நடந்ததை முதலாளி அன்றுதான் பார்த்தார்.

"பழசுதான் சார்."

"நீயே மாத்தல. அப்புறம் ஊர்ல எவன் மாத்துவான்? முதல்ல உன் வீட்டுல ஒண்ணு மாறட்டும். அதைப் பார்த்துட்டு மேஜையைப் பத்திப் பேசலாம்."

குடோனில் சன்னல் கிடையாது. விளக்கத்துக்கு அது பெரிய விஷயமில்லை. அங்கே ஆளே கிடையாது. பேச்சைக் கேட்க ஒரு காதுகூட இல்லாத இடத்தில் தான் எத்தனை நாள் உயிரோடு இருப்போம் என்று அவர் கவலைப்பட்டார்.

அன்று இரவே மனைவியிடம் பேச்செடுத்தார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"இது ஓடுதா, இல்லையா?"

"ஓடுது. ஆனா புதுசுல..."

"ஓடறதை எதுக்கு மாத்தணும்? நான் தைக்கறப்போ பக்கத்துல சாய்ச்சு வச்சு ஒரு தொடர் பாக்கறேன். அதுல புதுசா என்ன தெரியப்போகுது? தொடர்ல வர்ற மாமியார் இன்னும் கொஞ்சம் பளிச்னு தெரிவா. உடைஞ்சா பாக்கலாம்."

கல்லூரியில் படிக்கும் மகள் கட்டிலில் படுத்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டேப்லெட்டே எதுக்குப்பா? போனே பலகை மாதிரி ஆயிடுச்சு. எழுதற வேலைன்னா லேப்டாப். இது பாவம், பஸ்ல ரெண்டு குண்டு ஆளுங்களுக்கு நடுவுல மாட்டின மாதிரி உக்காந்திருக்கு."

"அப்படி இல்லம்மா. திரையோட அகலத்துக்கும் கண்ணுக்கும் இருக்கற தொடர்பு என்னன்னா..."

மகள் இரண்டு காதிலும் எதையோ செருகிக்கொண்டாள்.

'உடைஞ்சா பாக்கலாம்' என்ற சொல் மட்டும் அவர் மனதில் தங்கியது. மறுநாள் காலையில்தான் அவர் ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் முகத்தில் கொஞ்சம் துக்கத்தைத் தயார் செய்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில், அதே பழுப்பு உறைக்குள் டேப்லெட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வீட்டுல ஏதாவது விழுந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"விழுந்துச்சே. இதுதான்." மனைவி தலையைத் தூக்கவில்லை.

"ஒண்ணும் ஆகலையா?"

"என்ன ஆகணும்?"

அவர் குனிந்து பார்த்தார். கீறல் இல்லை. மூலையில் இருந்த பழைய கீறலைக்கூடக் காணோம்.

"இங்க ஒரு கோடு இருந்துச்சே?"

"துடைச்சேன். போயிடுச்சு. ஆனா தொடரை எந்த இடத்துல விட்டேன்கறதைத்தான் மறந்துடுச்சு."

"தலையில அடிபட்டா மனுஷனுக்கும் அப்படித்தான் ஆகும்," என்று விளக்கம் விளக்கினார். ஆனாலும் தூக்கம் வரவில்லை. ஒரு ஆள் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தது எப்படிப் பிழைத்தது?

அடுத்தது தண்ணீர் என்று முடிவு செய்தார். துவைக்கக் கிடந்த போர்வைக்குள் டேப்லெட்டை வைத்துச் சுருட்டிவிட்டுப் போனார். உறையை மட்டும் மேஜை மேலேயே விட்டுவிட்டார். உறை தோல். நனைந்தால் வீணாகிவிடும்.

மத்தியானமே மனைவி போன் செய்தாள். "வாஷிங் மெஷின் கடகடன்னு கத்திட்டு நின்னுடுச்சு. மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாங்க."

"ஐயோ! துணியோட ஏதாவது சேர்ந்து விழுந்துடுச்சா? டேப்லெட் எங்க இருக்கு?"

மறுமுனையில் ஈரத்துணியை உருவிப் போடும் சத்தம் கேட்டது.

"இங்கதான் இருக்கு. நல்லாத்தான் இருக்கு. நீங்க மெக்கானிக்கைப் பாருங்க."

வாஷிங் மெஷினின் உருளை வளைந்துபோயிருந்தது. டேப்லெட் பாடிக்கொண்டிருந்தது. முன்பைவிடச் சத்தமும் தெளிவாக இருந்தது. "உள்ள இருந்த தூசியெல்லாம் போயிருக்கும்," என்று மனைவி சொன்னாள். அதற்கு விளக்கத்திடம் விளக்கம் இல்லை. மெஷின் பழுதுபார்த்து வரும்வரை, சாயங்காலங்களில் வாளியில் துணி அலசும் வேலை அவர் தலையில் விழுந்தது.

அலசிக்கொண்டே யோசித்தார். தன் வீட்டில் நடக்காததைப் பக்கத்து வீடுகளில் நடத்தலாமே! இந்தக் கட்டடத்தில் டேப்லெட் இருக்கும் வீடுகளில் எல்லாம் ஒரே மாடல்தான். அதே நிறம், அதே பழுப்பு உறை. வியாபாரம் நன்றாக ஓடிய காலத்தில், மாடிப்படியில் வழிமறித்து மறித்து அவரே விற்றவை. இவ்வளவு நாளுக்கு அவை தேய்ந்துபோயிருக்க வேண்டுமே.

முதலில் கீழ்வீட்டுப் பாட்டு டீச்சரிடம் போனார்.

"அது இப்ப வீட்டுல இல்லீங்க. சும்மாதானே தூங்குதுன்னு, வேண்டியவங்களுக்குக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"வேண்டியவங்களுக்கு," என்று டீச்சர் அதே சுருதியில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மாடிவீட்டு டாக்சி டிரைவர் சிரித்தார். "அதையா கேக்கறீங்க? நான் அதை நினைச்சே வருஷக்கணக்கா ஆச்சு. வழி பாக்கறதும் போன்லதான், படம் பாக்கறதும் போன்லதான். வீட்டுக்காரி அதை யாருக்காவது தூக்கிக் குடுத்திருந்தாக்கூட எனக்குத் தெரியாது."

"அதனாலதான் சொல்றேன், புதுசு வாங்கினா..."

"இருந்ததையே தொடலை. புதுசை வாங்கி அதையும் தொடாம இருக்கறதுக்கா?"

எதிர்வீட்டு நர்ஸ் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். "இருக்கு அண்ணா, டிராயர்ல. நல்லாத்தான் இருக்கு. கெட்டுப்போறதுக்கு அதை யாராவது எடுக்கணுமே! சரி, புதுசுல என்னதான் புதுசு?"

விளக்கம் மூச்சை இழுத்து ஆரம்பித்தார். அவர் மூச்சை விடும்போது நர்ஸ் பஸ் ஏறியிருந்தாள்.

ஆக மிச்சமிருந்தது அவருடைய வீட்டு டேப்லெட் ஒன்றுதான். மறுநாள் காலை அதை உறையிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு கீழே போனார். டிரைவர் தினமும் பின்பக்கமாகத்தான் காரை எடுப்பார். பின்சக்கரத்துக்கு அடியில் தரையோடு தரையாக வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றார். கார் பின்னால் நகர்ந்தது. நொறுக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. திரும்பிப் பார்க்காமல் கடைக்கு நடந்தார்.

"சார், எங்க வீட்டுல மாறிடுச்சு!" என்று முதலாளியிடம் சொல்லி, கையோடு பில்லும் போட்டுப் புதுசு ஒன்றை வாங்கினார். கடையில் எல்லாரும் கை தட்டினார்கள். சாயங்காலம் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில், பழுப்பு உறைக்குள், மாமியாரும் மருமகளும் சமாதானமாகியிருந்தார்கள்.

விளக்கத்துக்கு நாற்காலி தேவைப்பட்டது.

"இது... காலையில... கீழ..."

"ஆமா, கார் நிறுத்தற இடத்துல கிடந்துச்சாம். டிரைவர் வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்து குடுத்தாங்க. இதை எதுக்கு அங்க வச்சீங்க?" மனைவி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். "அது என்னங்க?"

"புதுசு. சும்மா..."

"திருப்பிக் குடுத்துட்டு வாங்க. இதுதான் நல்லா இருக்கே."

மறுநாள் திரும்பி வந்த பெட்டியைப் பார்த்ததும் முதலாளியின் முகம் சிவந்தது. "ஒண்ணு வித்துது. அதுவும் திரும்பி வந்துடுச்சு. குடோன் சாவியை எடுத்துக்கோ."

"சார், ஒரு நிமிஷம்! அது உடைய மாட்டேங்குது சார். மேல இருந்து விழுந்துச்சு, ஒண்ணும் ஆகல. வாஷிங் மெஷின்ல சுத்துச்சு, மெஷின்தான் போச்சு. நேத்து கார் ஏறிச்சு சார். கார்!"

சாவியை நீட்டியிருந்த முதலாளியின் கை நடுவழியில் நின்றது.

"காரா?"

"காரு."

"நீ பார்த்தியா?"

"சத்தத்தை என் காதால கேட்டேன்."

முதலாளி எழுந்து அறைக்குள் நடந்தார். "ஏன்யா, இதை விட்டுட்டு இத்தனை நாளா திரை, அகலம், கண்ணுன்னு பேசிட்டிருந்தியே! ஞாயித்துக்கிழமை கடை வாசல்ல கூட்டத்தைக் கூட்டறோம். அந்தப் பழசை எல்லார் முன்னாடியும் சுத்தியால அடி. பழசே இப்படின்னா புதுசு எப்படி இருக்கும்னு ஜனங்க பிச்சுக்கிட்டு வாங்குவாங்க. அது மட்டும் நடந்துச்சுன்னா அந்த மேஜை உனக்குத்தான், நீ ரிட்டையர் ஆகற வரைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை உறையோடு டேப்லெட்டை எடுத்தபோது மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"அதை மட்டும் கொண்டுபோகாதீங்க."

"பயப்படாதே. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகுங்க. நான் சொல்றதைக் கேளுங்க, அது நம்ம..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "வேண்டாங்க."

ஒரு பழைய பொருள் மேல் அவளுக்கு இவ்வளவு பாசமா என்று விளக்கம் வியந்தார். அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

கடை வாசலில் நல்ல கூட்டம். ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். பாட்டு டீச்சர், டிரைவர், எதிர்வீட்டு நர்ஸ் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். விளக்கம் ஸ்டூல் மேல் ஏறினார். தான் பேசுவதைத் தானே நம்பிப் பேசியது அன்றுதான். அதனாலோ என்னவோ, சுருக்கமாகவும் பேசினார்.

"இதைக் கீழ போட்டேன், உடையல. தண்ணியில போட்டேன், சாகல. கார் ஏத்தினேன், நசுங்கல. இப்ப பாருங்க!"

உறையைக் கழற்றி டேப்லெட்டை மேஜை மேல் வைத்தார். சுத்தியை ஓங்கினார். கூட்டம் மூச்சைப் பிடித்தது. பின்னால் முதலாளி சிரித்த முகத்தோடு நின்றார்.

ஓங்கி ஒரே அடி.

கண்ணாடி நாலு பக்கமும் சிதறியது. டேப்லெட் நடுவில் குழிந்து, ஒரு தடவை மினுக்கி, அணைந்தது. உள்ளேயிருந்து கொஞ்சம் புகை வந்தது. கூட்டத்தில் யாரோ கை தட்ட ஆரம்பித்து, சந்தேகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள். முதலாளி பாக்கெட்டிலிருந்து குடோன் சாவியை எடுத்தார்.

"இல்ல சார்... இது... கார் ஏறியும்கூட..." விளக்கம் சிதறின துண்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிர்வீட்டு நர்ஸ் முன்னால் ஓடி வந்தாள்.

"ஐயையோ அண்ணா, அது எங்க வீட்டுதுண்ணா! உங்களது ஃப்ரிட்ஜ்ல இருந்து விழுந்த அன்னிக்கே செத்துப்போச்சு, துணியோட சுத்தினது பாட்டு டீச்சரோடது, டிரைவரண்ணன் கார் ஏத்தினது அவரோடதையேதான். உடைஞ்சது தெரிஞ்சா நீங்க புதுசு வாங்கிட்டு வந்து மறுபடியும் முதல்ல இருந்து விளக்க ஆரம்பிச்சுடுவீங்கன்னு பயந்து, அக்கா எங்க டிராயரை எல்லாம் காலி பண்ணிக்கிட்டு இருந்தாங்க!"