அத்தைக்கு, அடுக்கு ஏழு குறித்து

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு உங்கள் மருமகள் எழுதிக்கொள்வது. இங்கு நான், அப்பா, அம்மா மூவரும் நலம். அங்கு நீங்களும் மாமாவும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நேற்று போனில் முக்கால் மணி நேரம் நீங்கள் விடாமல் பேசியதிலிருந்தே உங்கள் மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். அந்த முக்கால் மணி நேரமும் நான் "ம்" கொட்டினேன். நான் சொல்ல வந்ததை "ம்" வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் கடிதம்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். அப்பா வீட்டு வாசலில் மாட்ட ஒரு பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருக்கிறார். இந்த ஊரில் பாதிக் கடைகளின் பெயர் அவர் தூரிகையில் பிறந்ததுதான். ஆனால் நம் வீட்டுக்கென்று ஒரு பலகை எழுத இத்தனை வருஷமாக அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது. முதல் வரி என் பெயர், இரண்டாவது என் பட்டம், மூன்றாவது 'நூலக உதவியாளர்'. முதல் இரண்டு வரிகள் காய்ந்துவிட்டன. மூன்றாவதற்குப் பென்சில் கோடு போட்டுவிட்டார். அத்தை, எப்படியாவது அந்த மூன்றாவது வரியை நீங்கள் நிறுத்த வேண்டும். அவர் கேட்பது உங்கள் பேச்சைத்தான். என் வேலை மூன்று மாதத் தற்காலிகம். திங்கட்கிழமை மேலதிகாரி வந்து நூலகத்தைப் பார்வையிட்டு, என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று எழுதிவிட்டுப் போவார். அவர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களை மாயமாக்கிவிட்டேன்.

திருடவில்லை. எரிக்கவும் இல்லை. பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் நூலகத்தில் இருப்பது ஒரே கணினி. அதில் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்போல இரண்டு மென்பொருள்கள். ஒன்று, யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார், எப்போது தருவார் என்று கணக்காக வைத்திருக்கும் நூலக மென்பொருள். மனதுக்குள் நான் அதைப் புத்தகக்காரர் என்று கூப்பிடுகிறேன். இன்னொன்று புகைப்படம் திருத்துவது. அவர் படக்காரர். நூலகத்துக்கு இந்த வருஷம் ஐம்பது வயது. பழைய புகைப்படங்களைச் சுத்தம் செய்து சுவரில் மாட்ட வேண்டும் என்று நூலகர் அம்மா என்னிடம் கொடுத்திருக்கிறார். இடது கைக் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் படக்காரர் வருவார். இன்னொரு தட்டு, புத்தகக்காரர். நாள் முழுக்க இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அத்தை, இந்த இரண்டு பேரையும் நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். இருந்தும் இப்படி ஒன்று உலகத்தில் இருப்பதாக எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. படக்காரரிடம் ஒரு தூரிகை உண்டு. நூலகத்தைத் தொடங்கிய பெரியவரின் கன்னத்தில் காது முதல் தாடை வரை ஒரு கீறல். பக்கத்துத் தோலில் ஒரு துளி எடுத்து அது தானாகவே பூசியது. கீறல் போன இடம் தெரியவில்லை. அப்பாவுக்குக் காட்டினால் சாப்பிடாமல் உட்கார்ந்து பார்ப்பார். தப்புச் செய்தால் 'செயல்தவிர்' என்று ஒரு பொத்தான். அமுக்கினால் நாம் செய்தது நடக்கவே இல்லை! நான் வாழ்க்கையில் பேசிய எத்தனையோ வாக்கியங்களுக்கு அந்தப் பொத்தானைத் தேடியிருக்கிறேன்.

புத்தகக்காரர் வேறு ரகம். அவருக்கு மறதியே கிடையாது. பட்டாம்பூச்சிகளைப் பற்றிய ஒரே புத்தகத்தைப் பதினோரு முறை எடுத்துப் போன பூட்டு வியாபாரி யார் என்று அவருக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை ஐந்தடித்தால், புத்தகம் திருப்பித் தராத நூற்று எண்பத்தாறு பேருக்கும் போனிலேயே நினைவூட்டல் கடிதத்தை அவரே அனுப்பிவிடுவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரையாவது விட்டுவிடுவாரா என்று மூன்று வாரம் சரிபார்த்தேன். விடவில்லை. ஆனால் அவரிடம் செயல்தவிர் கிடையாது. செய்தது செய்ததுதான்.

இரண்டு மென்பொருளையும் தமிழாக்கியவர் ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும். சொற்சிக்கனம் தெரிந்த மனிதர். புத்தகக்காரரிடம் 'திருப்பு' என்றால் புத்தகம் திரும்பி வந்துவிட்டது என்று பொருள். படக்காரரிடமும் 'திருப்பு' உண்டு. அங்கே படம் திரும்பும். போன வாரம் சர்வேயர் வந்தார். ஓய்வு பெற்றவர், காலையில் கதவு திறக்கும்போது வந்து மாலையில் கதவோடு போகிறவர். புத்தகத்தை மேசையில் வைத்தார். நான் திருப்பு அமுக்கினேன். திரையில் புத்தகம் வரவில்லை. இன்னொரு முறை அமுக்கினேன். சர்வேயர் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா அது, தலைகீழா நிக்கிறது?"

"நூலகத்தை ஆரம்பிச்சவர், ஐயா."

"ஐம்பது வருஷமா நேரா நின்னு அலுத்திருக்கும். விடு, கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

அவர் புத்தகம் அவர் பெயரிலேயே இருந்தது. பெரியவர் மட்டும் சிரசாசனத்தில் இருந்தார். அது செயல்தவிர் உள்ள பக்கம் என்பதால் பிழைத்தேன். பிழைக்காதது 'அடுக்கு'.

படக்காரர் ஒரு படத்தின் மேல் இன்னொன்றைக் கண்ணாடித் தாள்போல அடுக்கடுக்காக வைப்பார். வேண்டாத அடுக்கை மறைக்கலாம். புத்தகக்காரரிடம் அடுக்கு என்றால் புத்தக அடுக்கு, நம் சுவரோரம் நிற்கிற மர அடுக்கு. செவ்வாய்க்கிழமை மதியம் பெரியவர் படத்தில் ஏழாவது அடுக்கை மறைக்க நினைத்து, 'அடுக்கு 7', 'மறை' என்று அமுக்கினேன். 'அடுக்கை மறைக்கவா?' என்று பணிவாகக் கேட்டது. படக்காரரும் இதே வார்த்தையில்தான் கேட்பார். ஆமாம் என்றேன். பெரியவர் படத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம்தான் பார்த்தேன், நான் நின்றது புத்தகக்காரர் வீட்டு வாசலில். ஏழாவது அடுக்கிலிருந்த நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களும் பட்டியலில் இல்லை. அவற்றில் எதன் பெயரைத் தட்டித் தேடினாலும் 'இப்படி ஒரு நூல் இந்நூலகத்தில் இல்லை' என்று அடித்துச் சொல்கிறது. ஓடிப்போய் மர அடுக்கைப் பார்த்தேன். எல்லாம் அங்கேயே நின்றுகொண்டிருந்தன. ஒரு நிமிஷம் எதை நம்புவது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் சர்வேயர் அதே அடுக்கிலிருந்து ஒரு தடிமனான புத்தகத்தோடு வந்தார். அந்தப் பெயரில் நூல் இல்லை என்று நான் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"இல்லையா? அப்ப நான் என்னத்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன்?"

ஒரு நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டு அனுப்பினேன். நாலு நாளாக அந்த நோட்டுதான் ஓடுகிறது. மறைத்த அடுக்கைத் திரும்பக் காட்ட நூலகர் அம்மாவின் கடவுச்சொல் வேண்டும். கேட்டால் தருவார். ஆனால் கேட்க வேண்டுமே! அவர் ரப்பர் செருப்பில் சத்தமில்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பவர். கண்ணை மூடிக்கொண்டு முதுகைத் தடவியே இன்ன புத்தகம் என்று சொல்பவர், புத்தகத்தின் முதுகைத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் ஏழாவது அடுக்கை மறைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்? மூன்று முறை அவர் மேசை வரை போனேன். முதல் முறை "தண்ணி குடிச்சிட்டு வரேம்மா" என்றேன். இரண்டாவது முறையும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை அவரே "போ, போய்க் குடி" என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை மேலதிகாரி பத்துப் புத்தகங்களின் பெயரைச் சொல்வாராம். கணினியிலும் காட்ட வேண்டும், அடுக்கிலும் காட்ட வேண்டும். அதில் ஒன்று ஏழாம் அடுக்கு என்றால் என் கதை முடிந்தது.

ஆகவே அத்தை, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். பட்டத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். பட்டம் என்னுடையது, அதை எந்தப் பொத்தானாலும் மறைக்க முடியாது. மூன்றாவது வரிக்கு இடம் மட்டும் விட்டுவைக்கட்டும். காரணம் கேட்டால் மூன்று வரி என்றால் பார்க்க நெரிசலாக இருக்கும் என்று சொல்லுங்கள், தொழில்காரர், அதை ஒத்துக்கொள்வார். உண்மையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் திட்ட மாட்டார். பென்சில் கோட்டைச் சத்தமில்லாமல் அழிப்பார். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

இது உங்களுக்கும் எனக்கும் மட்டும். வேறு ஒரு ஜீவனுக்கும் தெரியக் கூடாது. அதனால்தான் இதையும் படக்காரரிடமே எழுதுகிறேன். அவரிடம் 'உரை' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் வெள்ளைத் தாள் விரிகிறது. கடிதத்தை யாராவது அங்கே தேடுவார்களா? வெளியே நல்ல மழை, ஒருவரும் வரவில்லை, ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். ஐந்தடிக்கப் போகிறது. அச்செடுத்து உறையிலிட வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறையவும், உங்கள் குரல் இப்படியே குறையாமல் இருக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயில்லாப் பூச்சி

பி.கு.: இது திங்கட்கிழமை இரவு, பேனாவால் எழுதுகிறேன். கடிதத்தின் மேலே நூலக முத்திரையும் 'மதிப்பிற்குரிய உறுப்பினரே, தாங்கள் திருப்பித் தராத நூல் குறித்து' என்ற வரியும் இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நீங்கள் எந்தப் புத்தகமும் எடுக்கவில்லை. சனிக்கிழமை அச்செடுத்துக் கையில் வாங்கியபோதுதான் நானே அதைப் பார்த்தேன். புத்தகக்காரரிடமும் ஒரு 'உரை' இருக்கிறதாம். நினைவூட்டல் கடிதத்தின் உரை. அப்போது மணி ஐந்தேகால். அவர் ஒருவரையும் விடவில்லை, அத்தை. நூற்று எண்பத்தாறு பேர். நகல் நூலகர் அம்மாவுக்கு.

இன்று காலை கதவு திறக்குமுன் வாசலில் வரிசை நின்றது. எல்லோர் கையிலும் புத்தகம். இத்தனை வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்று சர்வேயர் வாய் பிளந்தார். ஒரு பாட்டியம்மா என் கன்னத்தைத் தொட்டு, "அத்தை பதில் போட்டாங்களா?" என்று கேட்டார். பூட்டு வியாபாரி பட்டாம்பூச்சியை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்தார், நானும் தரையைப் பார்த்தேன். நூலகர் அம்மா கடிதத்தைச் சிவப்புப் பேனாவோடு வைத்திருந்தார். "பிழை மூணு இருக்கு. உங்க அத்தைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி திருத்து" என்றார். பிறகு "அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்று சொல்லிவிட்டு ஒற்றை விரலால் கடவுச்சொல்லைத் தட்டினார். நானூற்றுப் பன்னிரண்டும் திரையில் வந்து நின்றன. எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் குடிக்கப் போனேன்.

வரிசையில் கடைசியாக ஒருவர் கைப்பையோடு நின்றார். இரண்டு வருஷம் தாமதமான புத்தகம், ஏழாம் அடுக்கு. மேசை மேல் குனிந்து ரகசியமாகக் கேட்டார்: "ஏம்மா, அந்த அடுக்கு இன்னும் மறைஞ்சுதானே இருக்கு?" அவர்தான் மேலதிகாரி. வந்துவிட்டது ஐயா என்றேன். பெருமூச்சு விட்டார். நான் எந்த வீட்டில் நிற்கிறேன் என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, திருப்பு அமுக்கினேன். பத்துப் புத்தகங்களையும் சரிபார்த்தபின் ஏதோ எழுதினார். ஆணை தபாலில் வருமாம். நல்லதா கெட்டதா என்று முகத்தில் காட்டவில்லை. போகும்போது மட்டும், "மூணு வரி ஒண்ணும் நெரிசலா இருக்காதும்மா" என்றார்.

அப்பாவிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். எங்கள் தெரு முடிதிருத்துபவரும் அந்த நூற்று எண்பத்தாறில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் தாடையில் நுரை பூசி, அசைய முடியாமல் உட்கார வைத்து, முழுக் கடிதத்தையும் படித்துக் காட்டியிருக்கிறார். இன்று வேலை முடிந்து வந்தால் பலகை வாசலில் மாட்டியிருக்கிறது. இரண்டு வரிகள். மூன்றாவது இடத்தில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன்.

"எழுதி முடிச்சாச்சு. அடுக்கை மறைச்சு வெச்சிருக்கேன்" என்றார். "தபால் வந்ததும் நீயே காட்டு."

செய்தித்தாளின் ஒரு மூலை இப்போதே பிரிந்திருக்கிறது. நான் இல்லை, அத்தை. அவர்தான் போகவர எடுத்து எடுத்துப் பார்க்கிறார்.