வால்யூம் அண்ணனின் இரண்டு குமிழ்கள்

பூந்தமல்லியில் மூன்றாவது கடையிலிருந்தும் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். பஸ் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். கால் மணி நேரத்தில் ஒரு கடைக்காரருக்குத் தன் தொழில்மீதே வெறுப்பு வரவைக்கும் ஆற்றலை வால்யூம் அண்ணனைத் தவிர வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவர் வாங்க வந்தது இரண்டே இரண்டு குமிழ்கள்; கடைக்காரர் பாஷையில் நாப். எலக்ட்ரிக் கிடாரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்று, தொனியை மாற்ற ஒன்று.

"கண்ண மூடிகினு தொட்டுப் பாத்தா தப்பாம், நைனா," என்றார்.

"கண்ண மூடினது தப்பில்லண்ணே. கையில தேங்காண்ணெய் தடவிகினு தொட்டீங்க."

"சாவு ஊட்ல கை வேர்க்கும். வேர்த்த கைக்கு அது நிக்குதான்னு பாக்க வாணாமா?"

அம்பத்தூரிலிருந்து ஆவடிவரை கிறிஸ்தவர் வீட்டு அடக்கங்களிலும் நினைவு ஜெபங்களிலும் பாடுகிற ஒரு குழுவில் அவர் முப்பது வருடமாகக் கிடார் வாசித்தார். எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் சத்தத்தைக் குறைக்கும்படி சைகை காட்டிக்கொண்டே இருப்பார்கள். "படுத்துகினு கீறவருக்கே தொந்தரவு இல்ல, உனக்கு இன்னா?" என்பது அவருடைய வழக்கமான பதில். அதனால்தான் அந்தப் பெயர்.

நான் எட்டாவதோடு நின்றவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு முலாம் பட்டறையில் வேலை செய்து, அமிலப் புகை நெஞ்சைப் பிடித்ததால் வெளியேறி, திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் படுத்துக்கொண்டிருந்தேன். அவர்தான் தன் அறையில் பாதியைக் கொடுத்தார். பாதி என்றால், ஆம்ப்ளிஃபயர் வைத்தது போக மிஞ்சியதில் பாதி.

கிடாரின் பழைய குமிழ்கள் எப்போதோ விழுந்து தொலைந்துவிட்டன. சத்தத்துக்குப் பற்பசை மூடியும், தொனிக்கு இருமல் மருந்து மூடியும் மாட்டியிருந்தார். போதகர் ஜெபிக்க ஆரம்பித்ததும் கிடார் முணுமுணுப்பாக அடங்க வேண்டும். வலது கைச் சுண்டுவிரல் பார்க்காமலே போய் அதைச் செய்துவிடும். போன வாரம் ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு அடக்கத்தின்போது விரல் தவறான மூடியைத் திருப்பியது. பதறிப்போய் அடுத்த மூடியைத் தப்பான பக்கம் திருப்பினார். கிடார் ஊளையிட்டது. போதகருக்கு ஜெபம் மறந்துபோனது. செத்தவரின் மைத்துனர் பிளாஸ்டிக் நாற்காலியோடு சாய்ந்தார். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த விதவை அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

குழுவை நடத்தும் கீபோர்டு ஸ்டீபன் வெளியே வந்து ஒரே வரியில் சொன்னான்: "இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா நீ வர வாணாம் அண்ணாத்தே. கிடார் சத்தம் கீபோர்டுலயே கீது."

குற்றம் மூடிகள்மேல் என்று வால்யூம் அண்ணன் தீர்ப்பு சொன்னார். அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. அதனால்தான் இந்த அலைச்சல்.

குமிழ் மாட்டுகிற தண்டின் அளவு தெரியாமல் குமிழ் வாங்க முடியாது. கிடாரைப் பஸ்ஸில் எடுத்துவர அவருக்கு மனமில்லை. துணி சோப்பை அந்தத் தண்டின்மேல் அழுத்தி, அச்செடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். முதல் கடைக்காரர் சோப்பைப் பார்த்துவிட்டு, "கள்ளச் சாவி போடுற ஆளு நான் இல்லைங்க," என்றார். இரண்டாவது கடைக்காரர் எங்கள் இருவரையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். மூன்றாவது கடைக்குப் போவதற்குள் வெயிலிலும் வேர்வையிலும் சோப்பு இளகி, அச்சில் கட்டைவிரலே நுழைந்தது.

பஸ் பிடித்து ஆவடிக்கு வந்தோம். மார்க்கெட் பக்கம் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் உதிரி விற்கிற ஒரு கடை இருந்தது. அங்கே இருந்த அக்கா சோப்பை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்தார்.

"தண்டு முழுசா, நடுவுல பொளந்துகீதா?"

"பொளந்தது. பல்லு பல்லா இருக்கும்," என்றேன் நான்.

ஒரு டிராயரையே நியூஸ்பேப்பரில் கொட்டினார். வால்யூம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினார். "இது வழுக்குது." "இது இன்னா, ஒண்ணும் பேச மாட்டேங்குது." "இதுவும் ஊமை." குவியல் பாதியானது. அக்கா அவர் கையைப் பிடித்துத் திருப்பினார். விரல் நுனிகளில் பெரிய கொப்புளம்.

"இது இன்னா?"

"காலைல டீ கிளாஸ் சூடா இருந்திச்சு."

"சுட்டது தெரியலியா? சுகர் எத்தினி வருசமா கீது?"

"நாப் கேட்டா நாப் குடும்மா. ஆஸ்பத்திரி நடத்தாத."

அக்கா பழைய ரேடியோவில் இருந்த, ஓரமெல்லாம் கீறல் போட்ட இரும்புக் குமிழ் ஒன்றையும், உருண்டையான பிளாஸ்டிக் குமிழ் ஒன்றையும் எடுத்து வைத்தார். "ஒண்ணு சொரசொரப்பு, ஒண்ணு மொழுக்கு. இதுக்கு மேல வித்தியாசம் என் கடையில இல்ல. லூசா இருந்தா நூல் சுத்தி மாட்டு."

ஒரு கடைக்காரர் கொடுத்ததை அவர் மறுபேச்சில்லாமல் வாங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் அறையில் நூல் சுற்றி மாட்டினோம். கிடாரை மடியில் வைத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"கையில எதுண்ணே?"

"வால்யூம்."

அது தொனி. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் தப்பு. மூன்றாவது முறை, "டோன்," என்று உறுதியாகச் சொன்னார். விரல் இரண்டிலுமே இல்லை, ஒயர் சொருகுகிற இடத்தில் இருந்தது. கம்பிகளைத் தேடிப் போக இடது கைக்கு முப்பது வருடப் பழக்கம் இருந்தது. குமிழைத் தேடுகிற சுண்டுவிரல்தான் செத்துவிட்டது.

"சோப்பு மேலதான் தப்பு," என்றார். கிடாரைக் கீழே படுக்க வைத்துவிட்டு, "அந்த மூடிங்க மேல தப்பே இல்ல, நைனா," என்றார். "நாளைக்குக் காலைல அண்ணனூர்ல அடக்கம். வரலன்னு ஸ்டீபனுக்குப் போன் போட்டுச் சொல்லிடு."

நான் போன் போடவில்லை. விடிந்ததும் கிடாரைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தேன்.

மறுநாள் காலை அண்ணனூரில் சவப்பெட்டிக்கு நான்கடி தள்ளி அவருக்கு நாற்காலி போட்டார்கள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கிடாரின் குமிழ்மேல் கை வைத்தேன். ஸ்டீபன் குனிந்து கேட்டான்:

"யாரு அண்ணாத்தே இவன்?"

"என் சுண்டுவெரலு," என்றார் வால்யூம் அண்ணன்.

ஸ்டீபன் என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு போய்க் கீபோர்டில் சுருதி கொடுத்தான். அன்று முதல் எனக்கு அதுதான் வேலை. போதகர் கண்ணை மூடியதும் குறைத்தேன். பாட்டு தொடங்கியதும் கூட்டினேன். கடைசிப் பாட்டில் மட்டும் யாரோ குறைக்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். நான் பார்க்காத மாதிரி இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். அவர் நன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்.