படிக்கட்டில் இருந்த பழுப்பு நிறப் பொருள்

மேப்பிள் ரிட்ஜ் குடியிருப்பில் பேய்கூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கத்தரித்த புல்வெளி உள்ள எந்தக் கண்ணியமான குடியிருப்பிலும் இதுதான் நடைமுறை. வீடு உங்களுடையது, வீட்டு வரி உங்களுடையது, கூரை ஒழுகினால் வாளி வைப்பதும் நீங்கள்தான். வாசல் மட்டும் குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தம்.

சங்கத்தில் அழகு ஒழுங்குக் குழு என்று ஒன்று உண்டு. அதன் தலைவி கார்லா வென்ட்வொர்த். அக்டோபர் பிறந்ததும், ஹாலோவீன் பண்டிகைக்கு யார் வாசலில் எந்தப் பேய் எந்த நிறத்தில் நிற்கலாம் என்று அம்மையார் அறிக்கை விடுவார். அந்த ஆண்டின் நிறம், ஓட்ஸ் கஞ்சி நிறம். பூசணிக்காய் முதல் எலும்புக்கூடு வரை எல்லாமே அந்த நிறத்தில், கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். காய்ச்சல்காரனுக்கு வைத்த கஞ்சி போலத் தெருவே வெளுத்துக் கிடந்தது. ஜனங்களும் "என்ன ஒரு நளினம்!" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஆட்டாதவர்களுக்கு நளினம் தெரியவில்லை என்று அர்த்தமாகிவிடுமே.

ட்ரூடி ஹாஃப்மனுக்கு நளினம் தெரியவில்லை. பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துப் பேய் தைத்தாள். கணவன் டுவைட், குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டிக் கல்லறை செய்தான். மகள் ஐவி அதில் ஊதாவையும் பச்சையையும் அப்பி, "இங்கே உறங்குபவர் வீட்டுப்பாடம் செய்யாதவர்" என்று எழுதினாள். மூவரும் அதை வாசலில் நட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர்கள் காலடியில், படிக்கட்டில், கிரேவி கிடந்தான்.

கிரேவி அந்த வீட்டு நாய். தரையைக் கூட்டும் காதுகள். மாமியார் வீட்டில் சாப்பாடு கிடைக்காத மாப்பிள்ளையின் முகம். வயதாகிவிட்டது. சாப்பாட்டுக்கும் அவசரத்துக்கும் தவிர எழுந்திருப்பதில்லை. பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டு வரும் அந்த ஒரு மாலைக்காகத்தான் அவன் வருஷம் பூராவும் அந்தப் படியில் காத்துக் கிடக்கிறான் என்று ட்ரூடி சத்தியம் செய்வாள். இன்னும் எத்தனை மாலை அவனுக்கு மிச்சமோ என்று விரல்விட்டு எண்ணிப் பார்ப்பாள்.

சங்கத்தின் ஆய்வாளர் லைல் வந்தார். ஆய்வாளர் காரை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. இறங்கினால் புல் மிதிபடும். கண்ணாடிக்குள் இருந்தபடியே பார்த்தார், படம் எடுத்தார், போனார். மறுநாள் அறிவிப்பு வந்தது.

கையால் செய்த பேய்களும் கல்லறைகளும் குடியிருப்பின் கௌரவத்துக்குக் குந்தகம் விளைவிப்பதாகவும், இவற்றோடு காது தொய்ந்த பழுப்பு நிற நாயுருவம் ஒன்று பார்ப்போர் மனத்தில் சோர்வை உண்டாக்குவதாகவும், மேற்படிப் பொருட்களை வெள்ளிக்கிழமைக்குள் அகற்றத் தவறினால் சங்கத்தின் வண்டி வந்து எடுத்துச் சென்று முறைப்படி நொறுக்கிவிடும் என்றும் அதில் கண்டிருந்தது.

ட்ரூடி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசி வரியை மறுபடி படித்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. அலுவலகத்துக்குப் போன் செய்தாள். வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, ஆட்சேபம் இருந்தால் வியாழக்கிழமை குழுமுன் ஆஜராகலாம், பொருளையும் கொண்டு வரவும் என்றார்கள்.

பொருளைக் கொண்டு போனாள். பொருள் சங்கக் கூடத்தின் நடுவில் படுத்துத் தூங்கிவிட்டது.

"இது உயிருள்ள நாய்ங்க," என்றாள் ட்ரூடி. "பேரு கிரேவி."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க," என்றார் கார்லா. "போன வருஷம் ஒருத்தர் எலும்புக்கூட்டைக் கொண்டாந்து எங்க மாமான்னார்."

"மூச்சு விடுறான் பாருங்க மேடம்."

"கடையில விக்கிற ஓநாய்கூட மூச்சு விடுது, கண்ணைச் சிமிட்டுது. அதுக்காக அதுக்கு உயிர் இருக்குன்னு ஒத்துக்க முடியுமா?"

ட்ரூடி கால்நடை மருத்துவரின் சான்றிதழை நீட்டினாள். இந்த நாய் நலமாக உள்ளது என்று அதில் இருந்தது. இந்த நாய் அலங்காரப் பொருள் அல்ல என்று எங்கேயும் இல்லையே என்று குழு சுட்டிக்காட்டியது. தொட்டுப் பார்க்கச் சொன்னாள். லைல் குனிந்து தொட்டுவிட்டு, சூடாக இருப்பதாகத் தெரிவித்தார். மின்கசிவாக இருக்கக்கூடும், அதுவும் விதிமீறலே என்றார் தலைவி.

அந்த நேரம் பார்த்துக் கிரேவி எழுந்தான். நிதானமாக நடந்து மேஜையருகே போனான். தலைவியின் மேஜைக்காலை முகர்ந்து, பின்னங்காலைத் தூக்கினான்.

ட்ரூடிக்கு உயிர் வந்தது. இனிமேல் என்ன சாட்சி வேண்டும்?

"லைல், எழுதிக்குங்க," என்றார் கார்லா. "நீரூற்று வசதியுள்ள அலங்காரம். இதுக்குத் தனி அனுமதி வாங்கணும்."

கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். இங்கே நாயைக் கண்டும் நாயைக் காணோம்.

"அவனை மட்டும் தூக்கிட்டுப் போயிடாதீங்க. நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன்."

இந்த வாக்கியத்தைக் கேட்டால் இளகாத அலுவலகம் உலகத்தில் இல்லை. கார்லாவும் இளகினார். பதிவேட்டில் அலங்காரம் என்று ஏறிவிட்ட ஒன்றை நாயாக மாற்ற விதியில் இடமில்லை என்றும், ஆனால் அனுமதியில்லாத அலங்காரத்தை அனுமதியுள்ள அலங்காரமாக மாற்ற இடமுண்டு என்றும் பரிவோடு விளக்கினார். கடையில் வாங்கியதற்கு அடையாளமாக அட்டை ஒன்று தொங்கினால் போதுமாம். நிறத்தைப் பற்றி லைல் மெல்ல நினைவூட்டினார். தலைவி கிரேவியைத் தலை சாய்த்துப் பார்த்தார். "இது பழமைப் பாணி. அடுத்து அதான் வரப்போகுதுன்னு பத்திரிகையெல்லாம் சொல்லுது," என்று முடித்துவிட்டார்.

ட்ரூடி வீட்டுக்கு வந்ததும் சோபாத் தலையணையின் அட்டையை வெட்டிக் கிரேவியின் கழுத்துப்பட்டையில் கட்டினாள். "கையால் துவைக்கவும். பிழிய வேண்டாம்" என்று அதில் இருந்தது. விரிப்புப் பேய்களும் அட்டைக் கல்லறைகளும் கார் கொட்டகைக்குள் போயின.

"அம்மா, அப்ப கிரேவி பொம்மையா?" என்று கேட்டாள் ஐவி.

"இல்லடா செல்லம். அனுமதி வாங்கினவன்," என்றாள் ட்ரூடி. சொல்லும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ஹாலோவீன் மாலை வந்தது. சூனியக்காரிகளும் கடற்கொள்ளையர்களும் கஞ்சி நிற வீடுகளைத் தாண்டி ஓடிவந்து கிரேவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். அவன் ஒவ்வொரு கையையும் நக்கினான். குழு நேரில் வந்து பார்த்து மெய்மறந்து, உயிருள்ளது போலவே தோன்றும் அலங்காரத்துக்கான முதல் பரிசை அவனுக்கு வழங்கியது. ட்ரூடி அந்த ரிப்பனைத் தலைவி முகத்தில் விட்டெறிவதாகத்தான் இருந்தாள். ஆனால் சுற்றி நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். அந்தத் தெருவில் அவளுக்கு யாரும் அதற்கு முன் கைதட்டியதில்லை. வாங்கிக்கொண்டாள். படத்துக்கும் நின்றாள்.

அடுத்த வருஷம் கஞ்சி நிறம் மலையேறிவிட்டது. கடைக்குக் கடை சோக நாய். தொய்ந்த காது, பழுப்பு நிறம், கழுத்தில் அட்டை. அது இல்லாத வீட்டை ஜனங்கள் அனுதாபத்தோடு பார்த்தார்கள். அசல் உருவத்தின் உரிமையாளர் என்ற முறையில் ட்ரூடியைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். கிரேவியை இனி எந்த வண்டியும் தொடாது என்ற நிம்மதிக்காகத்தான் சேர்ந்ததாக டுவைட்டிடம் சொன்னாள். ஐவி கொட்டகையிலிருந்து விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, "இந்த வருஷம் வேணாம் கண்ணு, கிரேவியை மறைக்கும்," என்றாள். ஐவி அவற்றை மடித்துக்கொண்டு போனாள்.

ஆய்வு நாளன்று ட்ரூடி லைலின் காரில் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். அதே தெருவில் இருந்த மார்ஜி பிளம் வீட்டெதிரே ட்ரூடி காரை நிறுத்தச் சொல்லி, படிக்கட்டைக் காட்டினாள்.

"இது என்ன கண்றாவி? காது ரெண்டும் நிக்குது, நிறம் சாம்பல், மூஞ்சியில சோகமே இல்ல. எங்க கிரேவிக்கு இதைவிட அவமானம் வேணுமா? அகற்றணும்னு எழுதுங்க."

லைல் எழுதத் தொடங்கினார். மார்ஜி கதவைத் திறந்து, "வாடா, சாப்பாடு ஆறுது," என்று கூப்பிட்டாள். படியில் இருந்தது எழுந்து, உடம்பைச் சிலிர்த்து, கொட்டாவி விட்டு, உள்ளே போயிற்று.

லைல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ட்ரூடியைப் பார்த்தார். ட்ரூடி சாத்திய கதவைப் பார்த்தாள்.

"இருந்தாலும் எழுதிக்குங்க," என்றாள் ட்ரூடி.